கொட்டகையில் கிடக்கும் பெயரில்லா மெஷின்: அது எதற்கு என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழனி மலையில் பழைய தோட்டமோ வீடோ கைமாறும்போது, பத்திரத்தில் எழுதாத ஒரு சாமானும் சேர்ந்தே வரும். கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடிய ஒரு மெஷின். மரச்சட்டம், சைக்கிள் பல்சக்கரம், எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய ஷாஃப்ட், ஒரு கைப்பிடி. கம்பெனிப் பெயர் கிடையாது. செய்தவர் காலமாகியிருப்பார், இல்லையென்றால் மகனோடு திருப்பூர் பக்கம் போயிருப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பழைய இரும்புக்காரர் மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் தராசோடு நிற்பார்.

அவரிடம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

கடையில் வாங்கிய மெஷின் என்றால் பெயர்த்தகட்டைப் படித்தால் போதும். வீட்டில் செய்ததற்கு அது ஒத்துவராது. செய்தவர் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தார். அதனால் ஒரு பாகம் எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே வந்து என்ன வேலை செய்தது என்பதும் வேறு வேறு. தையல் மெஷினின் கால்மிதி இருந்தால் அது துணி தைத்தது என்று ஆகாது. காலால் மிதித்து ஓட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பத்துப் பேர் பார்த்துவிட்டு ஒன்பது பேர் தவறுவது இந்த இடத்தில்தான்: தெரிந்த பாகத்தைப் பார்த்ததும் மொத்த மெஷினுக்கும் பெயர் வைத்துவிடுகிறார்கள்.

வீட்டுத் தயாரிப்பு என்றதும் மட்டமாகவும் நினைக்க வேண்டாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், சூரியனைப் படம் பிடிக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் ஒன்றை 1911இல் கொடைக்கானல் ஆய்வகத்திலேயே கட்டிக்கொண்டார். இந்த மலையில் வேண்டியதைத் தானே செய்துகொள்வது பழைய பழக்கம்.

1. முதலில் தொடாதீர்கள்

பிளக்கை எடுத்துச் சொருகி ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. கூடாது. பழைய ஒயரின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். சட்டம் இரும்பாக இருந்தால் அதிலேயே கரண்ட் பாயலாம். மோட்டாரில் கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் பிளக் இல்லாமலும் அடிக்கும். மோட்டாரோடு சேர்க்கும் பெல்ட்டையும் செயினையும் கழற்றிய பிறகே எதையும் சுற்றிப் பாருங்கள். சுருள்வில் இழுபட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள்.

மூடிய டிரம்முக்குள் மூக்கை விட வேண்டாம். உருளையும் முட்டைக்கோசும் போட்ட காடுகளில் பூச்சி மருந்து கலக்கவும் தூவவும் பலர் தாங்களே டிரம் செய்து வைத்திருந்தார்கள். பி.எச்.சி. பவுடரை அரசு 1997இல் தடை செய்தது. தடை வந்ததற்காக டிரம் தானாகக் கழுவிக்கொள்ளாது. வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தால் கையுறை, முகமூடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். சூடு பட்ட பாகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நார்க்கயிறு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். பிய்க்க வேண்டாம்.

கொடைக்கானலுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைவரை வந்தது ஊரறிந்த செய்தி. கடைச் சாமானை வைத்துச் செய்த மெஷினில் கண்ணாடிக் குழாயோ வெள்ளியாக உருளும் துளியோ தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

2. நகர்த்துவதற்கு முன் இடத்தைப் படியுங்கள்

மெஷின் நின்ற இடம் பாதி விடையைச் சொல்லிவிடும். நகர்த்திவிட்டால் அந்தப் பாதி போய்விடும். நான்கு பக்கமும், மேலிருந்தும், தரையோடு படுத்தும் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள்.

பிறகு தரையைப் பாருங்கள். சிமென்ட்டில் வாய்க்கால் வெட்டியிருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் ஓடியது. அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது? குழியில் முடிந்தால் கழிவு நாறியிருக்கும், அதைத் தனியாக விட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் முடிந்தால் வெறும் கழுவுநீர். மேலே ஓட்டில் புகைக்கரி படிந்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் தரை வழுவழுப்பாக இருக்கிறதா? அங்கேதான் ஆள் நின்றார். அவர் நின்ற பக்கத்துக்கு எதிரே சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது? மூட்டையோடு ஒருவர் திரும்பும் அளவு இடம் விட்டிருந்தால் அங்கேதான் சரக்கு உள்ளே போயிருக்கிறது அல்லது வெளியே வந்திருக்கிறது.

இன்னொரு சோதனை: மெஷினைக் கழற்றினால் எத்தனை துண்டாகும், ஒவ்வொன்றும் எவ்வளவு கனம்? வெள்ளகவி மாதிரிப் பாதை இல்லாத ஊர்களுக்குச் சாமான் தலைச்சுமையாகவோ குதிரைப் பொதியாகவோதான் போனது. எல்லாத் துண்டும் ஒரு ஆள் தூக்கும் கனத்துக்குள் அடங்கி, போல்ட்டால் மட்டும் சேர்த்திருந்தால், அது கீழே வத்தலக்குண்டிலோ பட்டிவீரன்பட்டியிலோ ஏதோ ஒரு பட்டறையில் செய்து மேலே கொண்டுவந்ததாக இருக்கலாம். தூக்கவே முடியாத ஒரே சட்டமாக இருந்தால் இங்கேயே கட்டியது.

3. உயரத்தைக் கேளுங்கள்

எந்த உயரத்தில் என்ன விளைந்தது என்று தெரிந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறையும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரம் காப்பி, மிளகு, ஏலம், மலைவாழை. அங்கே பழத்தோல் உரிக்கும் பல்பர், சல்லடை, வறுக்கும் உருளை எதிர்பார்க்கலாம். மேலே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்றால் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். கொடைக்கானல் நகரைச் சுற்றி யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கலன்கள். தோல் பதனிடப் பட்டை கொடுக்கும் வாட்டில் மரத்தையும் மலையில் நிறைய வளர்த்தார்கள். கீழே திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் பட்டறைகள், இருந்ததை நினைத்துக்கொண்டால் பட்டை நறுக்கும் மெஷின் ஏன் இங்கே இருக்கும் என்பது புரியும். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருப்பதால் கம்பளி சம்பந்தப்பட்டதையும் பட்டியலில் வையுங்கள்.

4. பெரியவர்களிடம் கேட்கும் விதம்

மெஷினைச் சுற்றிப் பத்துப் பேரைக் கூட்டி, "இது என்னங்க?" என்று கேட்டால் குரல் பெரியவர் சொன்னதே முடிவாகிவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். "இதுல காப்பிதான அரைச்சீங்க?" என்று பதிலைக் கையில் கொடுத்துவிட்டும் கேட்காதீர்கள். வந்த பிள்ளையை ஏமாற்றக் கூடாதென்று ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

மெஷினைப் பற்றிக் கேட்பதைவிட அது ஓடிய நாளைப் பற்றிக் கேட்பது பலன் தரும். எந்த மாதம் அந்தச் சத்தம் கேட்கும்? பகலிலா ராத்திரியிலா? கூலி ஆள் வருமா, வீட்டு ஆட்கள் மட்டுமா? முடிந்த பிறகு கழுவியது யார்? கழுவியவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார், அவரிடம் இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். "அப்பத்தா, இது ஓடுறப்ப நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க? கையில என்ன இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். செய்தவருக்கு மெஷின் ஞாபகம் இருக்கும். அப்பத்தாவுக்குச் சரக்கு ஞாபகம் இருக்கும். நமக்கு வேண்டியது சரக்கு.

எல்லோரும் ஒரே மாதிரி மழுப்பி, பேச்சை மழைக்கு மாற்றினால், அது தைலம் காய்ச்சிய கலன் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். தைலக்கலன் பெரியது, தழையை மூட்டை மூட்டையாகப் போட அகலமான வாய் இருக்கும், உள்ளே அடியில் தழை தண்ணீரில் விழாமல் தாங்க ஒரு ஜல்லடைத் தட்டு இருக்கும். வெளியே எண்ணெய் மிதக்க, கீழிருந்து தண்ணீர் வடிய ஒரு பாத்திரம் இருக்கும். இவை ஒன்றும் இல்லாத சின்னக் கலன் என்றால் பெரியவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

5. கையால் சுற்றுங்கள், கணக்குப் போடுங்கள்

ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வேலை செய்யும் உருளை எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். துரு பிடித்திருந்தால் வற்புறுத்தாமல் டீசல் விட்டு ஊறவைத்துவிட்டு அடுத்த நாள் வாருங்கள்.

மோட்டார் இருந்தால் கணக்குச் சுலபம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் சாதாரண நான்கு காந்தமுனை (4-pole) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். மோட்டார் புல்லி 3 அங்குலம், எதிர்ப்புல்லி 12 அங்குலம் என்றால் 1440ஐ நாலால் வகுங்கள், 360. அங்கிருந்து சைக்கிளின் 18 பல் சக்கரம் 48 பல் சக்கரத்தைச் சுற்றினால் 360 × 18 ÷ 48 = 135. மோட்டார் காணாமல் போயிருந்தாலும் புல்லிகள் இருந்தால் இந்தக் கணக்கு நிற்கும். செய்தவர் வேகத்தைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றால், சரக்கு நொறுங்கக் கூடாது என்று பயந்திருக்கிறார். வேகத்தைக் கூட்டியிருந்தால் காற்று வீசவோ, வெட்டவோ, சுழற்றி வடிக்கவோ செய்தது.

சைக்கிள் ஃபிரீவீல் இருந்தால் இன்னும் நல்லது. அது ஒரு பக்கம்தான் இழுக்கும். மெஷின் எந்தத் திசையில் ஓடியது என்று சாட்சி இல்லாமலே தெரிந்துவிடும். திசை தெரிந்தால் எது வாய், எது வால் என்பதும் தெரிந்துவிடும்.

ஷாஃப்ட்டின் முனை சதுரமாக இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சதுர முனையில் முன்பு கைப்பிடி மாட்டியிருந்தது. சட்டத்தில் ஒன்றுக்கும் உதவாத போல்ட் ஓட்டைகள் இருந்தால் கை மெஷினைப் பின்னால் மோட்டாருக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் நீங்கள் பார்ப்பது ஒரு மெஷின் இல்லை, இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று. இரண்டுக்கும் ஒரே வேலை இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

6. தேய்மானம் பொய் சொல்லாது

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். உருவத்தைப் பார்த்து ஏமாறலாம், பாகத்தைப் பார்த்து ஏமாறலாம். வருடக்கணக்கில் சரக்கு உரசிய இடத்தை யாரும் போலியாகச் செய்ய முடியாது.

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே அடியுங்கள். நேராக அடித்தால் கீறல் தெரியாது. எங்கே பளபளப்பு, எங்கே பெயின்ட் அப்படியே இருக்கிறது என்று பாருங்கள். மழமழவென்று வழுக்கித் தேய்ந்திருந்தால் மென்மையான பொருள், நிறைய நாள். வரிவரியாகக் கீறியிருந்தால் மண்ணோடு சேர்ந்த பொருள், அதாவது காட்டிலிருந்து நேராக வந்த கிழங்கோ வேரோ. குழிகுழியாக அடிபட்டிருந்தால் கெட்டியானது மேலிருந்து விழுந்திருக்கிறது. உருளையின் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் போட்டார்கள், அகலம் முழுக்கத் தேய்ந்திருந்தால் தொட்டியில் கொட்டி ஓட்டினார்கள்.

உருளை மேல் தகடு அடித்திருந்தால் விரலால் மெதுவாகத் தடவுங்கள். காப்பி பல்பரின் செப்புத் தகட்டில் பொதுவாகக் குமிழ்கள் மழுங்கலாக இருக்கும். பழத்தைப் பிதுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கொட்டையில் கீறல் விழக் கூடாது. ஆணியால் குத்தி முனை வெளியே தெரியும் கூரான ஓட்டைகள் என்றால் அது துருவுவதற்கு. வரிசையாக மெல்லிய கம்பி முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நார் சீவுவதற்கு.

இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டு உருளைக்கோ உருளைக்கும் பலகைக்கும் நடுவிலோ உள்ள குறைந்த அளவு, கூடிய அளவு. அதைத் திருகிச் சரிசெய்ய ஏற்பாடு இருக்கிறதா? இருந்தால் சரக்கு வருடத்துக்கு வருடம் பருமனில் மாறியது. அந்தத் திருகு எந்த இடத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடைவெளிதான் வழக்கமாக ஓட்டிய அளவு. ஸ்பேனர் பட்டு முனை மழுங்கிய போல்ட்டுகளையும் எண்ணுங்கள். அடிக்கடி திறந்த மூடி எது என்று அவை காட்டிக்கொடுக்கும். அங்கே அடைப்பு விழுந்திருக்கிறது, அல்லது கழுவ வேண்டியிருந்திருக்கிறது.

7. மூலையில் ஒட்டியிருப்பது

துடைக்காதீர்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கில் இருப்பதை வெள்ளைத் தாளில் தட்டி எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொட்டலம், மேலே எங்கே எடுத்தது என்று எழுதி.

காகிதம் மாதிரி உலர்ந்த மஞ்சள் சருகு காப்பிக் கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மென்ட் தோலாக இருக்கலாம். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சருகு பூண்டு. மெழுகுப் பிசுக்கு என்றால் வெந்நீரில் வையுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், இயந்திரக் கிரீஸ் அப்படி ஒரேயடியாக உருகாது. பெட்டித்தேன் சுழற்றி எடுக்கும் டிரம்மில் இந்த மெழுகு அடியில் தங்கியிருக்கும். இரும்பில் நீலங்கலந்த கறுப்புக் கறை என்றால் துவர்ப்புச் சரக்கு, தேயிலையோ வாட்டில் பட்டையோ. இரண்டிலும் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். அதற்கு மேல் அந்தக் கறை பிரித்துச் சொல்லாது. தூளை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், இலை என்றால் விரியும், பட்டை என்றால் நாராகப் பிரியும்.

ஷாஃப்ட் முனைகளில் முடி மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அது புதையல். எத்தனை கழுவினாலும் பேரிங் ஓரத்தில் சுற்றிய நார் போகாது. இடுக்கியால் ஓர் இழையைப் பிடித்துக் கொளுத்துங்கள். மயிர் கருகும் நாற்றத்தோடு சுருண்டு தானே அணைந்தால் கம்பளி. காகிதம் எரிவது போல எரிந்து லேசான சாம்பல் விட்டால் பஞ்சோ வேறு தாவர நாரோ.

8. வயது

வயதைக் கண்டுபிடிக்க ஒரே சட்டம்: இருப்பதிலேயே புதிய பாகத்தைத் தேடுங்கள். அதற்கு முன் மெஷின் இந்த வடிவில் இருந்திருக்க முடியாது. பழைய பாகம் எதையும் நிரூபிக்காது, அது எங்கோ கிடந்து பின்னால் வந்திருக்கலாம்.

போல்ட்டின் மரையை ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல முறையில் அரை அங்குல போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை. மெட்ரிக் எம்12 என்றால் மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர். எடை அளவுச் சட்டம் 1956இல் வந்து மெட்ரிக் முறை மெல்லப் பரவியது. அங்குல போல்ட் அதன் பிறகும் நெடுங்காலம் கடையில் கிடைத்தது என்பதால் அதை நம்பி வயதைக் கூட்டாதீர்கள். பேரிங்கில் 6204 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 20 மில்லிமீட்டர். மாற்ற வேண்டுமென்றால் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

எழுத்து இருந்தால் இன்னும் துல்லியம் கிடைக்கும். மோட்டார் தகட்டு முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் 1969க்கு முந்திய அச்சு. மரப்பெட்டியில் கொடைக்கானலை மதுரை மாவட்டம் என்று எழுதியிருந்தால் திண்டுக்கல் பிரிந்த 1985க்கு முந்தியது. பெயின்ட்டில் எழுதிய தமிழில் 'லை', 'னை' எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்பு போட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் கை. ஆனால் அவர் 1990இலும் அப்படியே எழுதியிருப்பார், என் பெரியப்பா எழுதுவது போல.

9. மூன்று சந்தேகங்களை மோதவிடுங்கள்

இதுவரை சேர்ந்ததை வைத்து மூன்று சாத்தியங்களை எழுதுங்கள். ஒன்று மட்டும் எழுதினால் அதற்குத் தோதாகவே எல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது உண்மையானால் கண்டிப்பாக இருக்க வேண்டியது என்ன?" என்று எழுதி, போய்த் தேடுங்கள்.

பூம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த மெஷினைச் சொல்கிறேன். மேலே மரத்தொட்டி, உள்ளே ஒரு மர உருளை, அதைச் சுற்றி டயர் ரப்பர், எதிரே சாய்ந்த பலகை, அதிலும் ரப்பர். இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டுக்காரர் காப்பி பல்பர் என்றார். எதிர்வீட்டு மாமா உருளைக்கிழங்குத் தோல் சீவியது என்றார். மூன்றாவதாக நான் பூண்டு என்று எழுதிக்கொண்டேன்.

பல்பர் என்றால் தண்ணீர் வேண்டும், புளித்த பழச்சாறு இரும்பை அரித்திருக்க வேண்டும், அந்த உயரத்தில் காப்பியும் விளைந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லை, தரையில் வாய்க்காலும் இல்லை. உருளைக்கிழங்குத் தோல் என்றால் ரப்பரில் மண் கீறியிருக்க வேண்டும், ஈரம் பட்டு மரம் உப்பியிருக்க வேண்டும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததே தவிர மேல்பக்கம் வழுவழுப்பு. திருகு தேய்ந்திருந்த இடத்தில் வைத்து அளந்தால் பூண்டுத் தலை நெருங்கி உடையும், பல் தப்பி விழும் இடைவெளி. பலகைக்குப் பின்னால் தட்டினால் இளஞ்சிவப்புச் சருகு கொட்டியது. அந்த வீட்டு அம்மாச்சியைக் கேட்டபோது, "நான் கீழ சாக்குல உக்காந்து உடையாததைப் பொறுக்கி மறுபடி மேல போடுவேன்" என்றார். விதைப்பூண்டுக்குப் பல் பிரித்த மெஷின். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பல்லைப் பிரிக்கும் நகக்கண் வலிக்கு யாரோ ஒருவர் அதற்கு வெகுகாலம் முன்பே மருந்து கண்டுபிடித்திருந்தார்.

கவனியுங்கள், அம்மாச்சியிடம் பூண்டு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. தான் செய்த வேலையைச் சொன்ன பிறகுதான் அவரே எடுத்தார்.

10. ஓட்டிப் பார்ப்பது

முடிவுக்கு வந்துவிட்டால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். கையால் மட்டும். மோட்டாருக்கு முதலில் எலக்ட்ரீஷியன் வரட்டும். ரப்பர், மரம், பெல்ட் எதையும் மாற்றாமல், கொஞ்சம் சரக்கு போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே அதில் வந்ததைச் சாப்பிடாதீர்கள். நல்லபடி பிரிந்து விழுந்தால் சரி. விழாமல் நசுங்கினால் சந்தேகம் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், இடைவெளியைத் தேய்ந்த இடத்துக்கே கொண்டுவந்து இன்னொரு தடவை சுற்றுங்கள். அப்போதும் நசுங்கினால் பட்டியலில் அடுத்ததை எடுங்கள்.

பெயின்ட் அடித்துப் புதுசாக்க வேண்டாம். தூசியைத் தட்டி, இரும்பில் மட்டும் எண்ணெய் தடவி, அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள், ஐப்பசி மழையில் ஈரம் கீழிருந்துதான் ஏறும். ஒரு தகரத்துண்டில் பெயின்ட்டால் எழுதிக் கம்பியால் கட்டுங்கள்: எந்த ஊர், எந்த வீடு, என்ன சரக்கு, கைப்பிடி எந்தத் திசையில் சுற்ற வேண்டும், சொன்னவர் யார், எழுதிய தேதி. விடை கிடைக்காவிட்டாலும் கட்டுங்கள், மூன்று சந்தேகங்களையும் எவை ஒத்துவரவில்லை என்பதையும் எழுதி. தூசிப் பொட்டலங்களை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு, அந்தச் சட்டத்திலேயே ஆணியடித்து மாட்டிவிடுங்கள்.